வலி கேட்டு வேண்டிக்கொண்டேன்

மாரியம்மன் தாயை நம்பி இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற எல்லாருக்கும் என் வணக்கம். நான் புஷ்பா. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இன்றைக்கும் அங்கேயே, பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டிப் பிழைக்கிறவள். நோய் தீர்ந்த கதையைச் சொல்ல நான் வரவில்லை. என் நோய் தீரவில்லை, தீராது என்றும் சொல்லிவிட்டார்கள். தாய் எனக்குக் கொடுத்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த பாவத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளி முடிந்த வாரம். காலையில் எழுந்தபோதே வலது கண்ணைத் திருப்ப முடியாமல் வலித்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணில் எல்லாம் புகை மூட்டம். சிவப்பு மிளகாய்கூட வெளிறிப்போய்த் தெரிந்தது. அடுப்பு முன்னால் நின்றால் இன்னும் மங்கும், வெளியே வந்து காற்றாட உட்கார்ந்தால் கொஞ்சம் தெளியும். கிளினிக்கில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். நான் அதை வீட்டிலிருந்த அம்மன் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, உலு யாமில் குறி சொல்கிற ஒருவரிடம் போனேன்.

"கூடப் பொறந்த ரத்தம்தாம்மா. துணியில செய்வினை வச்சிருக்கு. ஒனக்கு மூணு புள்ள, அவளுக்கு ஒண்ணுமில்ல. வயிறு எரியாதா?" என்றார்.

எனக்குக் கூடப் பிறந்தவள் சுமதி ஒருத்திதான். அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, தஞ்சோங் காராங்கில் ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்தது நான். பத்து வருடமாக அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் எனக்கு ஒரு நீலச் சேலை எடுத்துக் கொடுத்திருந்தாள். குறி சொன்னவர் எந்தப் பெயரும் சொல்லவில்லை. நானாகவே அவள் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

சேலையை வீட்டுக்குப் பின்னால் வைத்து எரித்தேன். மூன்றாவது வாரம் கண் தெளிந்துவிட்டது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

பொங்கல் முடிந்து சுமதி வந்தாள். கேட்டுக்கு வெளியே, கையில் ஒரு பை மாம்பழத்தோடு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நாலு மாசம்கா! ஒனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு யார்கிட்டயும் வாய் தொறக்கல."

நான் கேட்டைத் திறக்கவில்லை. "நீ வச்சது எனக்குத் தெரிஞ்சி போச்சு லா. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன்.

"என்னத்தக்கா வச்சேன்?"

லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் கொட்டினேன். என் வாய் எப்போதுமே நீளம், அன்றைக்கு இன்னும் நீண்டது. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மாம்பழப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சித்திரையில் செய்தி வந்தது. ஏழாவது மாதம், வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டது. பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டுகிறவர். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, "வா லா, போயி பாத்துட்டு வந்துருவோம்" என்று அவசரப்படுத்தினார்.

"நான் எதுக்கு வரணும்? ஏவி விட்டது திரும்பிப் பாஞ்சிருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். அந்தச் சொல்லை அவரோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. பக்கத்து வீட்டிலும் சொன்னேன். அது தஞ்சோங் காராங் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 

அந்த மாதமே என் இரண்டு பாதமும் மரத்துப்போயின. சிலிப்பர் கழன்று விழுந்தால் தெரியாது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தேன். செய்வினை இன்னும் விடவில்லை என்று முடிவு கட்டி, ஆடித் திருவிழாவில் தீ மிதிப்பதாக எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் சேலையில் தீக்குழிக்கு முன்னால் நின்றேன். எல்லாரும் ஓடிக் கடந்தார்கள். என் கால் ஓடாது. மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தேன். ஒன்றும் சுடவில்லை. ஈரமணலில் நடப்பது மாதிரிதான் இருந்தது.

கூட்டம் "ஓம் சக்தி" என்று அலறியது. நெருப்பைக் கடந்து கால் நனைக்கிற பால் குழியில் நான் நின்றபோது பெண்கள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குக் குணமாகிவிட்டது என்று அழுதேன்.

மறுநாள் காலையில் என் மகள் வீறிட்டாள். படுக்கை விரிப்பு என் உள்ளங்காலோடு ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. எனக்கு அப்போதும் வலிக்கவில்லை.

முந்தின நாள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களே, விரதத்தில் ஏதோ குறை என்று பேசினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சுட்டப்போ கால எடுக்கத் தோணலையா?"

"சுடவே இல்ல டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு நாள் மாலை டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தொற்று நோய் இல்லை. ஏன் வருகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. கண்ணும் காலும் ஒரே நோய்தான். தாக்கும், தானாகவே கொஞ்சம் தணியும், மறுபடி தாக்கும். சூடு பட்டால் அதிகமாகத் தெரியும்.

சேலையை எரித்ததால் கண் தெளியவில்லை. அது தெளிகிற நேரத்தில் தெளிந்திருக்கிறது. அடுப்படியில் மங்கியதும் சூட்டினால்தான்.

"யாரு வச்சது டாக்டர்?" என்று அப்போதும் கேட்டேன்.

"யாரும் வைக்கலம்மா. ஒடம்புல கிருமிய அடிக்கிறதுக்குன்னு ஒரு காவல் இருக்கு. அது ஒங்க நரம்பு மேல இருக்கிற உறையப் பாத்து வெளியாளுன்னு நெனச்சு அடிக்குது. வெளியிலிருந்து யாரும் வரல. ஒங்க ஒடம்பே, தன்னோடதத் தெரியாம அடிக்குது."

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. கேட்டுக்கு வெளியே வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்ற சுமதிதான் தெரிந்தாள்.

அன்றைக்கு நான் தாயிடம் நடக்க வை என்று கேட்கவில்லை. "எனக்கு வலியைக் கொடு. தங்கச்சி பிள்ளை செத்ததுக்குக்கூட வலிக்காத ஜென்மமா என்னை விட்டுடாதே. அவளை ஒரு தடவை என் முன்னால் கொண்டு வா, செருப்பால் அடிக்கட்டும்" என்று கேட்டேன். சுமதிக்குக் கைப்பேசியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

புண்ணில் கிருமி இல்லை என்று உறுதியானதும் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் வாசலில் சுமதியின் குரல் கேட்டது.

"உள்ள வரலாமா? இல்ல, வாசப்படி மிதிக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்து கையைக் கழுவிக் கையுறை மாட்டினாள். நான் என்னென்னவோ சொல்லி அழுதேன். "பேசாத. கால நீட்டு" என்றாள். கட்டு முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"மன்னிச்சேன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. எம்புள்ளைய நீ வந்து பாக்கல. அவ்ளோ அழகா இருந்தா. ஆனா கட்டு நான்தான் மாத்துவேன். வேற யாரும் தொட வேணாம்."

அப்படியே ஒரு மாதம் வந்து போனாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை இடது காலில் துணியை உரித்தபோது சுரீர் என்றது. கத்திவிட்டேன்.

அவள் கை நின்றது. "வலிக்குதாக்கா?"

"வலிக்குது சுமதி. வலிக்குது."

கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவள் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். நான் கேட்டது எனக்கு வலி. தாய் அவளுக்கும் சேர்த்துக் கொடுத்தாள்.

மருந்தாலா, வேண்டுதலாலா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை நான் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒன்பது மாதம் "போடி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலை" என்று அவள் என்னைத் தள்ளிக்கொண்டுதான் இருந்திருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை. வலது பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. தாக்குதல் குறைய மருந்து எடுக்கிறேன். இந்த ஆடியில் தீ மிதிக்கவில்லை. பால் குழி ஓரமாக நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் காலுக்குப் பால் ஊற்றினேன். உங்கள் சொந்த ரத்தத்தின் மேல் யாராவது விரல் நீட்டினால் நம்பாதீர்கள். தாயை நம்புங்கள், வேண்டிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். உங்களுக்கும் அவள் வழி காட்டுவாள்.

மன்னித்தேன் என்று சுமதி இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் காரோடு வந்து, "கெளம்பு" என்றாள். தஞ்சோங் காராங் இடுகாட்டில் வயல் பக்கமாக ஒரு சின்ன மேடு. என்னால் குனிய முடியாது. அவள் என் இடுப்பைப் பிடித்துத் தாங்கி உட்கார வைத்தாள். நான் மண்ணில் கை வைத்தேன்.

"பெரியம்மா வந்திருக்கேன்டா, தங்கம்" என்றேன்.