ஏழாவது பாட்டுக்கு ஜெபஷீலா ஒத்துக்கொள்ளவில்லை

தேனியில் நல்ல ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் எல்லாரும் பெரிய பலகை மாட்டிய இடத்தைத்தான் காட்டுவார்கள். அவர்கள் கிடக்கிறார்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள். கடைவீதியில் ஞானதுரை பெயிண்ட் கடை, அதற்கு மேல்மாடி. படியேறும்போதே தின்னர் வாடை மூக்கைத் துளைக்கும். உள்ளே அவருடைய மகள் ஜெபஷீலா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இருக்கிற காது இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொருவருக்கு இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு எட்டு மாசம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் விஜய்பாண்டி, சுருளிப்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம், எனக்கு ராப். ஒன்பது பாட்டு எழுதிக்கொண்டு, ஆல்பமாகப் போடலாம் என்று அவளிடம் போனேன். என்னைவிட இரண்டு வயசு சின்னவள். எலக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். அங்கே எதைக் கேட்டாலும் "நாளைக்கு ரிலீஸ், இது போதும்" என்பார்களாம். அந்தப் 'போதும்' பிடிக்காமல் ஊருக்கே வந்துவிட்டாள். போடியிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை பதினாறு வாங்கி, மரச்சட்டம் அடித்து, சுவர் முழுக்க நிறுத்தினாள். அந்த அறையில் கை தட்டினால் சத்தம் கையை விட்டு நகராது.

முதல் நாள் என் குரலை எடுக்கவே இல்லை. ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பிரெஞ்சு ஹிப்ஹாப் ஆல்பத்தை ஓடவிட்டாள். முழுசாக ஐம்பது நிமிஷம். எனக்கு எரிச்சலென்றால் அப்படி ஓர் எரிச்சல்.

"ஏம்மா, ஒனக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"ஒரு எழுத்து தெரியாதுண்ணே."

"பெறகு என்னத்தக் கேக்குற?"

"தெரியாத பாஷையிலயும் சொல்லு சொல்லாப் பிரிஞ்சு காதுல விழுதுல்ல? அடியில பேஸ் சத்தம் அந்தப் போடு போடுது, ஒரு சொல்லக்கூட மிதிக்கல பாருங்க. அந்தாளு மூச்சு இழுத்தது கேட்டுச்சா?"

திரும்ப ஓடவிட்டாள். கேட்டது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுக்கும் முன்னால், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இழுத்த மாதிரி அந்த மனுசனின் மூச்சு கேட்டது. உடனே என் பழைய பாட்டு ஒன்றையும் போட்டாள். என் பாட்டுத்தான் கிண்ணென்று இருக்கிறது என்றேன். "சத்தம் கூடுனா எதுவும் நல்லாத்தாண்ணே இருக்கும். ரெண்டையும் சமமா வச்சுக் கேளுங்க" என்று அளவைச் சமமாக்கினாள். அவ்வளவுதான், என் குரல் சாக்குக்குள்ளிருந்து பேசுகிறவன் குரலாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னால் வாசலில் நின்றவனும் நான்தான்.

அவளிடம் வேலை செய்வது லேசு இல்லை. ஒரு வரிக்கு முப்பது தடவை பாட வேண்டும். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவாள். சித்திரை மாசத்தில் பதினாறு பஞ்சு மெத்தைக்கு நடுவில் நின்று பாடிப் பாருங்கள், தெரியும். முடித்ததைத் தன்னுடைய நல்ல ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு விடவும் மாட்டாள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிற ஜீப்பில் போட்டுக் கேட்பாள். செல்போனில் கேட்பாள். கடைசிப் பரீட்சை அவளுடைய அம்மா சாராள். பாட்டை முன்னப்பின்னக் கேட்டிராத அந்த அம்மா, ஒவ்வொரு வரியையும் காதில் விழுந்தபடி திருப்பிச் சொல்ல வேண்டும். சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிற மனுசி, முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பில்லாமல், "எங்க தெருப் பக்கம் வந்தா எலும்பு மிஞ்சாதுங்கிறாக தம்பி" என்று சொல்லும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது? ஆனால் அவர் சொல்ல முடியாத வரி தேறாது. அந்த வரிக்கு மறுபடி முதலிலிருந்து வேலை தொடங்கும்.

எட்டுப் பாட்டு தேறியது. ஏழாவதில் முட்டிக்கொண்டோம்.

அது என் அப்பாவைப் பற்றிய பாட்டு. அக்கா கல்யாணத்தன்று பெரியப்பா குருசாமி, "கூத்தாடிப் பய, குடும்ப மானத்த வாங்குறான்" என்று பந்தலில் அத்தனை சனத்துக்கு முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தார். அப்பா ஒச்சாண்டி பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷமாக நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஒருத்தர் வைத்த குழம்பை இன்னொருத்தர் தின்றுகொண்டு காலம் ஓடுகிறது. இந்தப் பாட்டு அவர் காதில் விழுந்தால் அந்த உறவும் போச்சு. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் டிரம்ஸை ஏற்று, குரலை இறக்கு என்று ஷீலாவிடம் மல்லுக்கட்டினேன். அவள் மசியவில்லை. அவள் சாப்பிடப் போன நேரத்தில் கடைசி வரியை மட்டும் நானே அமுக்கி வைத்தேன்.

"அண்ணே, மத்த எட்டுலயும் குரல ஏத்து ஏத்துன்னு உசுர வாங்குனீக. இதுல மட்டும் என்ன?"

"அது ஒரு ஸ்டைலு."

"ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்ல. யாருக்குக் கேக்கக்கூடாதுன்னு பாக்குறீக?"

"மிக்ஸ் பண்றவ மிக்ஸ மட்டும் பாரு!" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "வேணாம்னா பாட்டையே எடுத்துருவோம்ண்ணே, எட்டோட போடுவோம். வைக்கிறதுன்னா கேக்குற மாதிரி வைப்போம். கேட்டும் கேக்காம வைக்க என்னால ஆகாது" என்றாள்.

ஒரு வாரம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி தோட்டத்துக்குள் சுற்றினேன். அவள் சொன்னது சரி என்பதுதான் என் கோபமே. நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன், அப்புறம் எதற்கு ஒளிக்கிறேன்? வியாழக்கிழமை, "அப்பா, தேனி வரைக்கும் வாங்க, ஒரு பாட்டக் கேட்டுச் சொல்லணும்" என்று கூப்பிட்டேன். துணிப்பையில் இரண்டு கிலோ திராட்சையோடு வந்தார். ஷீலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யாவுக்கு என்ன பாட்டுன்னு தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "நான் வேணா வெளிய இருக்கட்டா?" "இங்கனயே இரு, தாயி" என்றேன்.

"அய்யா, வரிக்கு வரி நிறுத்துவேன். விழுந்தத அப்படியே சொல்லுங்க. விழுகலைன்னா விழுகலைன்னு சொல்லுங்க."

"சரித்தா."

"பந்தலெல்லாம் பாத்துச்சு, கன்னம் பழுத்துச்சு" என்று திருப்பிச் சொன்னார் அப்பா. சொல்லி முடித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையே பார்த்தார். அடுத்த வரி ஓடியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவன் வாய் மட்டும் பூட்டிக் கெடந்துச்சு" என்றார். பாவி, இவ்வளவு சுத்தமாகவா எடுத்துத் தொலைப்பாள் என்று ஷீலா மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. மூச்சுக்கூடக் கேட்டது. ஒரு வரி விடாமல் அத்தனையையும் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

"அடிச்சவன் மேல கோவமில்ல" என்றார். கடைசி வரி ஓடியது. காதைச் சாய்த்தார். "இது விழுகலத்தா."

ஷீலா திரும்பவும் ஓடவிட்டாள்.

"டிரம்சுதான் கேக்குது."

அவள் திரையில் இருந்த அளவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். யார் கைவேலை என்று தெரிந்தும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போதும்ப்பா, அது கெடக்கட்டும்" என்றேன்.

"இருலே. அது என்ன வரின்னு எனக்குத் தெரியாதாக்கும்? எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய? அன்னைக்குப் பந்தல்ல இருந்த அம்புட்டுப் பேருக்கும் கேக்கணும்" என்றவர், ஷீலா பக்கம் திரும்பினார். "அந்த வரிய நல்லாக் கூட்டி வையித்தா."

கூட்டி வைத்து ஓடவிட்டாள். அப்பா என் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்.

"பாத்துக்கிட்டு நின்னவன் மேலதான்."