கேட்டுக்குள் தூங்கிய செல்வி

எங்கள் மாடியில் குடியிருக்கும் செல்வி நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவார். "நீங்க வெளிய போனா கேட்டைப் பூட்டிட்டே போங்கக்கா, பயமில்லாமத் தூங்குவேன்" என்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிரில் கேட்தான். வெளியே பூட்டினால் உள்ளிருந்து கை எட்டாது.

அன்று காலை பக்கத்துத் தெரு ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்தது. உடனே எல்லோரையும் வெளியேறச் சொல்லி போலீஸ் ஜீப்பில் மைக் அலறியது. பத்திரம், மாத்திரை, டார்ச் என்று ஒரு பை எப்போதும் தயாராக வைத்திருப்பேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, ஈரத்துண்டால் மூக்கை மூடி, கணவரோடு பைக்கில் கிளம்பினேன்.

காளவாசல் சிக்னலில் நின்றபோது கணவர், "கேட்டைப் பூட்டிட்டேல்ல?" என்றார்.

பூட்டியிருந்தேன். இரண்டு முறை இழுத்தும் பார்த்திருந்தேன்.

"ஐயோ, செல்வி உள்ள இருக்குங்க!"

செல்வி போனை எடுக்கவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு விரைந்தோம். தெருமுனையில் போலீஸார் தடுத்துவிட்டார்கள். முகமூடி அணிந்த தீயணைப்பு வீரர் ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் அவர் தோளில் சாய்ந்தபடி, இருமிக்கொண்டே செல்வி வந்தார். "எம்புட்டு நேரம் கேட்டை ஆட்டுனேன் தெரியுமாக்கா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது இருபக்கமும் திறக்கும் பூட்டு போட்டிருக்கிறோம். பை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'முதலில் செல்வியை எழுப்பு.'