பேர் போன கதைகள்

இணையதளம் பராமரிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு, "மேடம், நம்ம சைட் தொறக்கல" என்று காலையில் போன் வந்தால் காபி ஆறிப்போகும். தளம் பழுதானால் சரிசெய்துவிடலாம். அதன் பெயரையே, அதாவது நாம் டைப் அடிக்கும் அந்த முகவரியையே, வருஷக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால்தான் சங்கடம். பெயரைப் பதிந்து தரும் கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் கெடு கொடுப்பார்கள். அதற்குள் கவனிக்காவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். சைதாப்பேட்டையில் நானும் என் கூட்டாளி பிரபுவும் நடத்தும் சின்ன ஆபீசுக்கு இந்தக் கோளாறோடு வந்தவர்கள் அநேகம்.

பட்டுக்கடைக்குள் ரம்மி

தி.நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். கடைக்கு அவர் அப்பாவின் பெயர், தளத்துக்கும் அதே பெயர். தளத்தை அமைத்தது மகன். அவன் வெளிநாடு போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவனுடைய பழைய ஆபீஸ் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அதைத் திறக்க ஆள் இல்லை.

முகூர்த்த சீசனில் ஒரு கல்யாண வீட்டார் கடைப் பையில் இருந்த முகவரியைப் பார்த்து, கூறைப்புடவை டிசைன் பார்க்கலாம் என்று டைப் அடித்திருக்கிறார்கள். ஆன்லைன் ரம்மி வந்து நின்றது. பெண்ணின் மாமனார் பக்கத்தில் இருந்தாராம். நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் பெயர் கைமாறி வாரக்கணக்காகிவிட்டது. வாங்கியவருக்குத் திரும்பத் திரும்ப எழுதினோம், பதிலே இல்லை. கடைசியில் வேறு ஒரு பெயரைப் பதிந்தோம். குடோனில் இருந்த பைகளில் பழைய முகவரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட கடை ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சியும் தரையில் உட்கார்ந்து ஒட்டினார். நான் கிளம்பும்போது தலை நிமிராமலே சொன்னார்: "எங்க அப்பா பேரும்மா அது. சாகுற வரைக்கும் சீட்டுக்கட்டைக் கையால தொடாத மனுசன்."

ஓடுகிற லேத்து

ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறை நடத்தும் தனசேகரின் தளத்தில் ஒரு நாள் "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று பலகை தொங்கியது. அவருக்கு வழக்கமாக ஆர்டர் தரும் புனே கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, பட்டறையை மூடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, வேலையைக் கோயம்புத்தூருக்குத் திருப்பப் பார்த்தது. தனசேகர் போன் போட்டுக் கெஞ்சினார், நம்பவில்லை. கடைசியில் வீடியோ காலில் ஓடுகிற மெஷின், எண்ணெய்க் கையோடு நிற்கிற ஆட்கள், வாசலில் ஏறிக்கொண்டிருந்த லோடு எல்லாவற்றையும் காட்டினார். ஆர்டர் தப்பியது. அடுத்த வேலையாகப் பெயரையும் கெடுவுக்குள் மீட்டோம்.

"மெயில் வந்திருக்குமே, பாக்கலையா?" என்று பிரபு கேட்டான். வந்த அத்தனையையும் அவரே அழித்திருக்கிறார். போன வருஷம் இதேபோல ஒரு போலி மெயிலை நம்பி யாருக்கோ பணம் கட்டிவிட்டு ஏமாந்தவர் அவர். "பொய்யி வந்தப்ப நம்பிட்டேன், நெஜம் வந்தப்ப நம்பல. இன்னா பண்றது நைனா, ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது," என்றார்.

உள்ளே மாட்டிய சாவி

மயிலாப்பூரில் வீணை சொல்லித்தரும் வைதேகி மாமிக்குப் பாதி சிஷ்யைகள் வெளிநாட்டில். கச்சேரி அழைப்பு, வகுப்பு நேரம் எல்லாமே அவருடைய தளத்தின் பெயரிலேயே உள்ள மெயிலுக்குத்தான் வரும். பெயர் காலாவதியானதும் மெயிலும் நின்றது. புதுப்பிக்கலாம் என்று போனால், பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அந்த நின்றுபோன மெயிலுக்கே போகிறது. ஆதாரை அனுப்பினோம், பழைய ரசீதை அனுப்பினோம், பதிவு கம்பெனிக்காரர்கள் மறுபடி மறுபடி வேறேதோ கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் மாமி போன் செய்து, "வந்துடுத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ஒருவழியாகப் பெயர் கைக்கு வந்தது. நடுவில் மற்றவர்கள் அனுப்பிய மெயில்கள் மட்டும் வரவில்லை. அவை அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயிருந்தன. அப்படித் திரும்பியதில் ஒன்று சிங்கப்பூர் சபாவின் அழைப்பு என்பதும், அந்த மேடையில் வேறொருவர் வாசிக்கப்போகிறார் என்பதும் பிறகு ஒரு சிஷ்யை சொல்லித் தெரிந்தது. நான் நேரில் போய் எல்லாம் விளக்கினேன். மாமி கோபப்படவில்லை. "கதவைப் பூட்டிண்டு சாவிய உள்ளேயே வச்சுட்டேன்னு சொல்றே, சரி. இது ஒண்ணு தெரிஞ்சுது. தெரியாம இன்னும் யாரெல்லாம் வந்து தட்டிட்டுப் போனாளோ, அதை யார்கிட்ட கேப்பேன்?"

பிரியாமல் இருந்தது

அடையாறில் குழந்தைகள் டாக்டர் ஒருவர். தடுப்பூசிக்கு நேரம் குறிப்பது எல்லாம் அவர் தளத்தில்தான். அது நின்றதும், "டாக்டர் கிளினிக்கை மூடிட்டாங்களா?" என்று கேட்டுத் தாய்மார்கள் போன் செய்தபடி இருந்தார்கள். பதிவு யார் கணக்கில் இருக்கிறது என்று தேடினேன். அவருடைய முன்னாள் கணவர் கணக்கில் இருந்தது. கிளினிக் தொடங்கிய காலத்தில் அவர்தான் பதிந்து கொடுத்தாராம். விவாகரத்தாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன.

நான் அவருக்கு அடித்த எந்தப் போனையும் அவர் எடுக்கவில்லை. அறியாத நம்பர், பாவம், எதற்கு எடுப்பார்? கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வெளியே குழந்தைகள் அழும் சத்தம். "நீங்க இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நான்தான். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னாப் போதும்."

நான் மடிக்கணினியில் பொத்தானைத் தட்டினேன். அவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, டாக்டர் திருப்பிச் சொல்ல, நான் அடித்தேன். ஒரு எண்ணைத் தப்பாக அடித்து, மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. பெயர் புதுப்பித்தாகிவிட்டது, டாக்டர் கணக்குக்கும் மாறிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் ஏதோ கேட்பது தெரிந்தது. "நல்லா இருக்கா. இப்பல்லாம் என்னைவிட உயரம்," என்றார் டாக்டர். பிறகு போனை வைத்தார்.

அடுத்த குழந்தையை அனுப்பச் சொல்லி மணியடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கோர்ட்ல எல்லாத்தையும் பிரிச்சாங்க, பீரோ உட்பட. இதை மட்டும் யாருக்கும் கேக்கத் தோணல."

நல்ல பேர் எடுக்க ஆயுசு முழுக்கப் பாடுபடுகிறவர்களுக்கு, அந்தப் பேர் என்றைக்குக் காலாவதியாகிறது என்பது மட்டும் எப்படியோ தெரிவதில்லை.