ஒரு கிலோ ஆட்டுக்குட்டி

நோலீன் கட்ஃபீல்ட் முப்பத்தோரு வருடம் பால்மர்ஸ்டன் நார்த் பக்கத்து ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தாள். கொட்டகையில் எடை போட்டு நோட்டில் எழுதி வருவதைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. நோட்டில் என்ன இருக்கிறதோ அதை ஒரு எழுத்து மாற்றாமல் தட்டுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, பிழையில்லாமல் வேலை செய்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இப்போது எழுபது வயது. பக்கத்து ஊரான ஃபீல்டிங்கில் சின்ன வீடு. காலையில் டீயோடு கணினியில் மடல் பார்க்க உட்கார்ந்தால் பத்து மணி டீ மேஜையும் கம்பளி வாடையும் நினைவுக்கு வந்து ஏங்க வைக்கும். கூடவே தொண்ணூற்றொன்பதாம் வருடமும் வரும். அது மட்டும் கொஞ்சம் கசக்கும்.

அந்த வருடம் வெலிங்டன் தலைமை அலுவலகம் புள்ளிவிவரக் கணக்குப் போடும் மென்பொருளின் சந்தாவை நிறுத்திவிட்டது. அந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆளை முந்தின வருடமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. விஞ்ஞானி டெஸ்மண்ட் லாங்லண்ட்ஸ் ஆக்லாந்தில் பிறந்த 'ஆர்' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் பட்டனும் இல்லை, படமும் இல்லை. ஒரு கூர்க்குறி மட்டும் மினுக்கிக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கும்.

"ஓசியில குடுக்குறாங்களா? கெட்டுப்போனா யார்கிட்ட சண்டை போடுறது டெஸ்?" என்றாள் நோலீன், ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே.

"மடல் குழு ஒண்ணு இருக்கு. கேள்வி போட்டா உலகத்துல எவனாவது பதில் எழுதுவான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மேய்ப்பன் ஹேமி சிரித்தான். "நம்ம பசங்க சும்மா கட்டிக்குடுத்த வேலி எப்படி இருக்குன்னு வந்து பாருங்க ஆன்ட்டி. ஆடெல்லாம் ரோட்டுல நிக்குது."

ஹேமியின் மந்தைதான் டெஸ்ஸின் உயிர். குடல்புழு தாக்காத ஆடுகள். பன்னிரண்டு வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வம்சம். பழைய கணக்கையெல்லாம் மந்தை மந்தையாகப் புது மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது இடி விழுந்தது. மற்ற மந்தைகளின் குட்டிகள் சராசரி இருபத்தாறு கிலோ. ஹேமியின் குட்டிகள் பதினைந்து. டெஸ் நேர்மையான மனிதர். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அறிக்கையை வெலிங்டனுக்கு அனுப்பினார். வளராத வம்சத்துக்குத் தீனி எதற்கு என்று அவர்கள் வியாழக்கிழமைக்கு இறைச்சி ஆலை லாரியை ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நோலீன் அந்த அச்சுத் தாளைப் புரட்டினாள். கடைசி வரியில் மிகக் குறைந்த எடை: ஒன்று.

"டெஸ், இங்க வா. பால் மறந்த குட்டி ஒரு கிலோ இருக்குமா? அது ஆட்டுக்குட்டியா, பூனைக்குட்டியா?"

ஹேமியின் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் கையால் கூட்டினாள். சராசரி இருபத்தாறு. டெஸ்ஸின் முகம் செத்துப்போனது.

"காரணம் தெரியாம அறிக்கைய எப்படி வாபஸ் வாங்குறது?" என்றார்.

"குழுவுல கேளு."

"டாக்டர் பட்டம் வாங்கினவன் இதைப் போய்க் கேட்டா ஊரே சிரிக்கும் நோலீன்."

"சரி, என் பேர்ல கேக்குறேன். நான் எங்க பட்டம் வாங்கினேன்?"

'நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது' என்று தொடங்கி எழுதினாள். புதன் காலை இரண்டு பதில்கள் வந்திருந்தன. முதலாவது ஒரே வரி: 'உதவிப் பக்கத்தைப் படித்தீர்களா?' அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டாவதைப் போர்ச்சுகலிலிருந்து ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். எடை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சொற்கள் இருக்கின்றன. ஒரு சொல் கலந்தாலும் ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே எண்ணாக்கச் சொன்னால் எடையைத் தராது, வரிசை எண்ணைத் தரும். ஆளின் எடையைக் கேட்டால் க்யூவில் எத்தனையாவது ஆள் என்று சொல்வது போல.

அந்தச் சொல் எது என்று நோலீனுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எடைக்கூண்டிலிருந்து குட்டி தாவி ஓடினால் மற்ற மேய்ப்பர்கள் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். ஹேமி மட்டும் 'கம்பி நீட்டிட்டா' என்று எழுதுவான். அவளும் சிரித்துக்கொண்டே அப்படியே தட்டுவாள். பழைய மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. புதியது அப்படி விழுங்கவில்லை. அவசரத்தில் எண்ணாக்கச் சொன்னவர் டெஸ்.

லாரி வரவில்லை. மந்தை பிழைத்தது. ஆனால் வெலிங்டனுக்குப் போன கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் டெஸ் எழுதியது இது: 'தட்டச்சில் நேர்ந்த பிழை.' நகலைக் கோப்பில் வைத்தவளே நோலீன்தான். படித்தாள், துளையிட்டாள், கோத்தாள். அன்று மட்டும் டீக்குப் போகவில்லை.

அதோடு போயிற்றா? குழுவில் போட்ட மடல் அழிவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் "நோலீன் தப்பு பண்ணிடாதீங்க" என்று சொல்வது பண்ணையில் வழக்கமாகிவிட்டது. அவளுடைய பிரிவு விருந்தில்கூட யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். டெஸ் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவள் அவரை வெறுக்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரே டீ கெட்டிலில் குடித்த மனுஷன். வெறுக்க முடிந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இன்று காலை, அவள் இன்னும் விலகாமல் இருந்த அந்தக் குழுவிலிருந்து ஒரு மடல் வந்திருந்தது. தலைப்பில் அவளுடைய பழைய கேள்வி. அனுப்பியவர் டெஸ்மண்ட் லாங்லண்ட்ஸ்.

'நாளையோடு ஓய்வு பெறுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய இந்தக் கேள்வியில் உள்ள தவறு நோலீன் கட்ஃபீல்டுடையது அல்ல, என்னுடையது. கேட்க வெட்கப்பட்டு அவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிறகு பழியையும் அவர் மேல் போட்டேன். நோட்டில் உள்ளதை அவர் ஒரு எழுத்து மாற்றியதில்லை. இதை இதே இடத்தில் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். வெலிங்டனுக்கும் எழுதிவிட்டேன்.'

நோலீன் இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றுமில்லை, கண்ணில்தான். பன்னிரண்டு வருடம் ஆயிற்று இந்த மனுஷனுக்கு என்று முணுமுணுத்தாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள். பிறகு உலகமே பார்க்கும் அந்த இடத்தில், டெஸ்ஸின் மடலுக்குக் கீழே, ஒரே ஒரு வரி தட்டி அனுப்பினாள்.

'உதவிப் பக்கத்தைப் படித்தாயா, டெஸ்?'