எரிச்சலுள்ள கடவுளோடு என் வழக்கு

பொறாமையோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். அதனால் கடவுள் பொறாமைப்படுவார் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னபோது என்னால் தலையாட்ட முடியவில்லை. அன்று நான் பேசியது திமிர் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

நான் ஏறும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே என் கணவர் வண்டியில் வருவார். நான் வேலை செய்த ஜெராக்ஸ் கடையில் யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்று கேட்பார். என் அம்மாவோடு போனில் பத்து நிமிடம் பேசினாலே முகம் மாறிவிடும். பிறகு அடி விழும். அடித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல இருக்கிற பாசத்துலதாண்டி" என்பார். மகளுக்கு மூன்று வயதானபோது இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். உப்பளம் பகுதியில் ஒரு மாடியில் ஒற்றை அறை கிடைத்தது.

அடுத்த தெருவில் ஒரு ஜெபக் கூடம் இருந்தது. அந்தச் சபைக்காரர்கள்தான் எனக்கு அரிசி கொடுத்தார்கள், பழைய மின்விசிறி ஒன்றை மாட்டிவிட்டார்கள். பாஸ்டர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அந்த ஆள விட்டு வந்தீங்க பாருங்க, நல்ல காரியம் பண்ணீங்க சிஸ்டர்" என்றார். வேறு யாரும் அப்போது அப்படிச் சொல்லவில்லை. நான் ஞாயிறு தவறாமல் போனேன். முழு மனதோடுதான் போனேன்.

கீழ்வீட்டு அக்கா வீராம்பட்டினத்தில் பிறந்தவள். நான் கடைக்கு வேலைக்குப் போனால் என் மகள் அவள் வீட்டில்தான் இருப்பாள். மகளுக்கு ஆறு வயதானபோது, ஒரு நாள் மத்தியானம் கடைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "பயப்படாத. புள்ளைக்கு வலிப்பு வந்துச்சு. ஆட்டோல கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன், நீ நேரா அங்க வந்துடு."

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். இரண்டாவது வலிப்பு என் கண் முன்னாலேயே வந்தது. அது அடங்கி மகள் கண் திறந்தபோது நான்தான் குனிந்து நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்து, "அத்தை எங்க?" என்று கேட்டாள். கீழ்வீட்டு அக்காவைத்தான் கேட்டாள். என் வயிறு பற்றி எரிந்தது. பெற்றவள் நான், சம்பாதித்துப் போடுகிறவள் நான் என்று உள்ளே ஏதோ கத்தியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்கார வைத்தேன். பிள்ளை அவள் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனது.

மறுநாள் அக்கா ஊருக்குப் போய் அம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றை வாங்கி வந்தாள். "நீ வேணாம்னா கட்டல" என்றாள். "கட்டுக்கா" என்றேன்.

வீடு திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, நன்றி சொல்வதற்காக மகளைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஜெபம் முடிந்து தலையில் கை வைக்க வந்த பாஸ்டர் கயிற்றைப் பார்த்தார்.

"இது இன்னா சிஸ்டர்?"

"கீழ்வூட்டு அக்கா கட்டினது."

"அதான் பார்த்தேன். நம்ம தேவன் எரிச்சலுள்ள தேவன்னு வேதமே சொல்லுது. தன்னோட இடத்த இன்னொண்ணுக்கு விட்டுக் கொடுக்க மாட்டார். புள்ளைக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு இப்ப புரியுதா?"

"கயிறு கட்டினது வலிப்பு வந்ததுக்கு அப்புறம் பாஸ்டர்."

"ஆடி மாசம் அந்த வூட்ல கூழ் குடிச்சாளாமே? சண்டே கிளாஸ்ல அவளே சொன்னா."

ஒரு கிண்ணம் கூழ். அதற்காக ஆறு வயதுப் பிள்ளையைத் தரையில் போட்டு இழுக்க வைத்தாராம், அன்பே உருவானவர். பாஸ்டர் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். நான் மகளின் மணிக்கட்டை என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"அன்பு இருக்கிற இடத்துலதான் சிஸ்டர் எரிச்சல் வரும். உங்க மேல பாசம் இல்லன்னா அவர் எதுக்குக் கோபப்படணும்?" என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது.

"இதே பேச்ச நான் அஞ்சு வருஷம் கேட்டிருக்கேன்" என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது. "அந்த ஆள விட்டு வந்தது நல்ல காரியம்னு நீங்கதான சொன்னீங்க? புருஷன் செஞ்சா கொடுமை, கடவுள் செஞ்சா பாசமா?"

யாரோ சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள், எனக்காக, என் வாயில் பேசிய பிசாசுக்கு எதிராக. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சபையிலிருந்து மூத்த சிஸ்டர் ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். "நம்ம புள்ள நம்மள வுட்டுட்டு வேற இடத்துல ஒட்டிக்கினா நமக்கு எரியாதாம்மா? தேவனுக்கும் அப்படித்தான்" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை, உண்மையாகவே மன்றாடினார். அதனால் நானும் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கும் எரிஞ்சுது சிஸ்டர், ஆஸ்பத்திரியில. ஆனா புள்ளைய அடிக்கத் தோணல. அது யாரைக் கேட்டுச்சோ அவங்களயே கூப்பிட்டு உட்கார வச்சேன். நான் கோபக்காரி, குறை உள்ளவ. என்னாலயே அது முடிஞ்சுது. குறையே இல்லாதவரால முடியாதா?"

சிஸ்டர் ஒரு பழத்தை உரித்து என் மகளிடம் கொடுத்தார். "வேதத்துல எழுதியிருக்கே" என்றார்.

"எழுதியிருக்கட்டும். அதுக்கு நீங்க சொல்ற அர்த்தம் என் புள்ளைய நோவடிக்குது. அத நான் ஏத்துக்க மாட்டேன்."

சபையிலிருந்து அதன் பிறகு யாரும் வரவில்லை. அந்த இழப்பு சின்னதில்லை. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவர முன்பு நாலு பேர் இருந்தார்கள்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மாத்திரை தொடர்கிறது, இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. மருந்துதான் காரணம் என்பேன் நான். அம்மன் என்பாள் அக்கா. எங்களுக்குள் இதனால் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஜெபத்தை நான் விடவில்லை. ஞாயிறு காலையில் மாடியில் துணி துவைக்கும்போது கூடத்துப் பாட்டு காற்றில் வரும். சோப்புக் கையோடு நானும் உரக்கப் பாடுகிறேன். அந்தப் பாட்டைக் கேட்கிறவருக்கு நான் எங்கிருந்து பாடுகிறேன் என்பது பிடிக்கவில்லை என்றால், அவர் நேரில் வந்து சொல்லட்டும்.