என் புதன்கிழமையை நானே கொடுத்த கதை

எனக்கு வாரத்தில் பிடித்த நாள் புதன்கிழமை. ஞாயிறுதான் பிடிக்கும் என்று சொல்கிறவர்களின் வீட்டில் துணி துவைக்க வேறு ஆள் இருக்க வேண்டும். எனக்கு ஞாயிறு என்றால் பிள்ளைகளின் டியூஷன், கணவரின் சட்டைகள், நுவரெலியா மழையில் ஒருநாளும் ஒழுங்காகக் காயாத போர்வைகள். புதன் அப்படியல்ல. அன்று அலுவலகக் கெப் வண்டியில் இறம்பொடைப் பக்கத் தோட்டங்களுக்குப் போவேன். பிரதேச செயலகத்தில் முதியோர் விவகாரம் பார்ப்பது என் வேலை. என் அம்மாவும் அங்கே ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறாள். அவளும் முதியோர்தான். ஆகவே அவளைப் பார்ப்பது என் கடமையில் சேர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் சாப்பாடு அம்மா வீட்டில். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருப்பார்கள். லயத்தின் வரிசை வீடுகள் அத்தனையும் வெறிச்சென்று கிடக்கும். டிரைவர் அண்ணன் வாசலில் தட்டோடு உட்கார்ந்துவிடுவார். அவர் சிங்களவர், அம்மாவின் மாசிச் சம்பலுக்கு அடிமை. அடுப்படியில் நானும் அம்மாவும் மட்டும். அவள் தன் மருமகளைப் பற்றிச் சொல்வாள், நான் என் மாமியாரைப் பற்றிச் சொல்வேன். இரண்டு பேருக்கும் மனசு லேசாகிவிடும். மற்ற நாட்களில் நான் வீட்டில் யார் மீதும் பெரிதாக எரிந்து விழாமல் இருந்ததற்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் காரணம்.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் ஒருவாறு கழிந்த பிறகு ஒரு சுற்றுநிருபம் வந்தது. செலவைக் குறைக்கும் வழிகளை ஊழியர்களே சொல்ல வேண்டுமாம். நல்ல யோசனைக்குச் சான்றிதழ் உண்டாம். எங்கள் பிரதேச செயலாளர் மேடம் உற்சாகமான மனுஷி. யோசனைப் பெட்டி ஒன்றைப் புதிதாகச் செய்தால் அதுவே செலவு என்று, பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளை போட்டு வாசலில் வைத்தார்.

"பயப்படாமல் எழுதுங்கள், பெயர் போடத் தேவையில்லை" என்றார். அங்கேதான் வினை. எங்கள் ஆட்களுக்குப் பெயர் போடாமல் எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பெட்டிசம். பக்கத்து மேசைக்காரனுக்குப் பதவி உயர்வு கிடைத்தால் அன்று மாலையே மேலிடத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் கிளம்பிவிடும். அந்தப் பழக்கம் பிஸ்கட் டின்னைக் கண்டதும் சும்மா இருக்குமா?

மாதக் கூட்டத்தில் மேடம் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். மேல்மாடியில் ஒருவர் பிளேன்டீக்குக் கரண்டி கரண்டியாக அரசாங்கச் சீனி போடுகிறார், நிறுத்தினால் மிச்சம். காணிப் பிரிவில் ஒருவர் தூங்கும்போது மின்விசிறி ஓடுகிறது, அவரை விழிக்க வைத்தால் மிச்சம். (நுவரெலியாவில் மின்விசிறி எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.) கீழ்மாடியில் ஒரு மிஸ் மேசைக்கடியில் ஹீட்டர் வைத்துக் கால் காய்கிறார், பிளக்கைக் கழற்றினால் பெரும் மிச்சம். அந்த மிஸ் நான்தான். கையெழுத்தைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"போதும். இனி எழுத வேண்டாம். ஆளுக்கு ஒன்று வாயால் சொல்லுங்கள்."

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. நல்ல யோசனை. அதனால்தான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள். திங்கள் பதிவுப் பிரிவு, செவ்வாய் நலன்புரிப் பிரிவு, புதன் நான் என்று அதே கெப் வண்டி, அதே மலைப்பாதையில், அதே தோட்டங்களுக்குத் தினமும் ஏறி இறங்கும். மற்றவர்கள் போகிற நேரத்தில் அங்கே ஆள் இருக்காது. எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, சாயந்தர நிறுவை நேரத்தில் போனால் தோட்டமே அங்கே நிற்கும். தோட்டத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அதைச் சொன்னால் என் புதன்கிழமை போய்விடும். தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கலாம் என்று சொல்லித் தப்பித்துவிடுவதாக முடிவு செய்திருந்தேன்.

எனக்கு முந்தி கணக்குப் பிரிவு ஐயாவின் முறை. நம்ம தமிழ் ஆள்தான், ஆனால் டவுனில் பிறந்து வளர்ந்தவர். எழுந்து நின்று அழகான சிங்களத்தில் சொன்னார்: தோட்டங்களுக்குப் போவதையே நிறுத்திவிடலாம். தேவையுள்ளவர்கள் பஸ்ஸேறி அலுவலகத்துக்கு வரட்டும். டீசல் முழுவதும் மிச்சம்.

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. சிங்களத்தில்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே கோபம் என்னைத் தமிழுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"சார், அவங்க டவுனுக்கு வந்தா அன்னைக்குப் பேரு போச்சு, தெரியுமா ஒங்களுக்கு? பஸ் காசும் போச்சு. இங்க வந்து நின்னா நீங்க நாளைக்கு வாங்கன்னு சொல்லுவீங்க. நாளைக்கும் பேரு போகும். ஒங்க டீசல் மிச்சத்த அவங்க தலையிலயா கட்டுறது?"

பேர் என்றால் தோட்டத்தில் ஒருநாள் வேலைக் கணக்கு. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மேடத்துக்கு நான் பேசியது முழுதாக விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த கணக்குப் பிரிவு ஐயாவையே மொழிபெயர்க்கச் சொன்னார். பாவம், தன் மேல் விழுந்த ஏச்சை அவரே நல்ல சிங்களத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்றையும் விடாமல் சொன்னார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

"அப்படியானால் என்ன செய்யலாம்?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை. மடுவம், சாயந்தரம், ஒரே வண்டி, ஒரே நாள் என்று அத்தனையையும் கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது. கைதட்டினார்கள். நான் உட்கார்ந்த பிறகுதான் என் புதன்கிழமையை நானே கொடுத்துவிட்டது உறைத்தது. வெளியே வந்தால் டிரைவர் அண்ணன் சோகமே உருவாக நின்றார்.

"மிஸ், நம்ம சோத்துல நீங்களே மண்ண போட்டது தானே?"

கடைசிப் புதன்கிழமை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதுதானே புள்ள செஞ்சிருக்க. ஏன் மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு இருக்க?" என்றாள். சொல்லிவிட்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை, கெப்பில் எல்லாரும் கொள்ள மாட்டோம் என்று ஒரே ஒரு வேன் பிடித்து, அம்மாவின் தோட்டத்துக்குப் போனோம். கணக்குப் பிரிவு ஐயாவும் வந்தார், வராவிட்டால் நன்றாக இருக்காது என்று. மடுவத்தில் மேசைகளைப் போட்டதும் கூட்டம் வந்து மொய்த்தது. தராசில் கொழுந்தை நிறுத்துவிட்டுக் கையோடு எங்களிடம் வந்தார்கள். லயத்து முதியவர்களும் இறங்கி வந்திருந்தார்கள். பூட்டிய கதவுகளையே பார்த்துப் பழகிய பதிவுப் பிரிவு மிஸ்ஸுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள் என்று அவர் கேட்க, நாங்க இங்கதான் இருந்தோம் என்று பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மேட்டில் எங்கள் லயத்துக் கூரை தெரிந்தது. ஏறிப்போக நேரம் கிடைக்காது என்றும் தெரிந்தது. தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தேன்.

"அடுத்தது வாங்க" என்று நிமிர்ந்தால், அம்மா. வெள்ளிக்கிழமைச் சேலை, தலையில் எண்ணெய், கையில் ஒன்றுமில்லை. முன்னால் இருந்த நாற்காலியில் பவ்வியமாக உட்கார்ந்தாள்.

"என்னம்மா? என்னா வேணும்?"

"ஒன்னும் வேணாம். நேரா வந்தேன், அந்த ஐயா வரிசையில வாங்கன்னாரு. நின்னு வந்தேன்."

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் கணக்குப் பிரிவு ஐயா. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. அம்மா மேசை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். மருமகள் புதிதாக வாங்கிய ஃபோனைப் பற்றி அவசர அவசரமாகச் சொன்னாள். நானும் பேனாவை ஆட்டிக்கொண்டே, ஏதோ விவரம் கேட்பது போல, என் மாமியார் போர்வை விஷயத்தில் செய்ததைச் சொன்னேன். பாதியில் பின்னால் நின்ற பெரியவர் இருமினார்.

"ஆச்சி, சுருக்கா முடிங்க. நாங்களும் நிக்கிறோம்ல?"

"இரு, திரும்ப வாரேன், மிச்சத்த அப்ப சொல்லு" என்று அம்மா எழுந்தாள். பெரியவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.