அளவுக்கு வந்த உடை

ராஜலக்ஷ்மியைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். சான்டா கிளாராவில் அவளுக்குப் பெரிய பெயர். தமிழ்ச் சங்க விழாவில் முன்வரிசை, லிவர்மோர் கோயிலில் கமிட்டி மெம்பர். இருக்கட்டும். மிஹோவுக்கு அவள் செய்தது என் தையல் மேசை மேல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதனால் மிஹோவின் கதையை நான் சொல்வதுதான் முறை.

மிஹோ ஜப்பானின் வடக்கே குஷிரோ என்ற ஊரில் பிறந்தவள். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடுகிற ஊராம். அவளுடைய அப்பா ஊர் ஸ்கேட்டிங் அரங்கில் பனித்தளத்தைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுகிறவர். அவர் வேலை முடியும்வரை ஓரமாக விளையாடட்டும் என்று விட்ட பிள்ளை, பள்ளிக்கூடம் சேர்ந்த கையோடு போட்டிக்கும் போக ஆரம்பித்தது. பதினான்கு வயதில் ஜூனியர் தேசியப் போட்டியில் ஆறாவது இடம். செய்தித்தாளில் படம் வந்ததாம். அடுத்த வருடமே மளமளவென்று வளர்ந்துவிட்டாள். தனியாக ஆடுகிறவர்கள் தாவிச் சுழல வேண்டும், அதற்கு உயரம் எதிரி. விழுந்தாள், மறுபடி விழுந்தாள், மூட்டு கெட்டது. தாவல் அதிகமில்லாத ஐஸ் டான்ஸுக்கு மாறிவிடு என்றார் பயிற்சியாளர். அது ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது. இந்த விளையாட்டில் பெண்களுக்குப் பஞ்சமில்லை, பையன்கள்தான் கிடைக்க மாட்டார்கள். அவள் உயரத்துக்கு ஜப்பானில் ஒருவனும் அமையவில்லை.

பையன் இங்கே இருந்தான். ராஜலக்ஷ்மியின் ஒரே மகன் ஷ்ரேயஸ். ஆறடி, அழகாக ஆடுவான், அம்மா சொன்னால்தான் மூச்சு விடுவான். பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்து, பத்தொன்பது வயதில் மிஹோ ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். ராஜலக்ஷ்மி மாடி அறையைக் கொடுத்தாள். எட்டு வருடம் சோறு போட்டாள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. மிஹோ ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாள். தமிழும் அந்தச் சமையலறையில்தான் கற்றுக்கொண்டாள். ராஜலக்ஷ்மியை அம்மா என்றே கூப்பிட்டாள். "மிஹோ எங்க வீட்டுப் பொண்ணு" என்று ராஜலக்ஷ்மியும் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாள்.

நான் வசந்தாமணி. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. கணவர் சாஃப்ட்வேர், நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். பனியில் ஆடுகிற உடைக்கு என்னிடம் எப்படி வந்தார்கள் என்றால், கல் வைத்துத் தைக்க எனக்கு நன்றாக வரும். வெள்ளைக்காரத் தையல்காரர்கள் பெண்ணை நிற்க வைத்து டேப்பால் அளப்பார்கள். நம் பெண்களுக்கு அந்தப் பொறுமை ஏது? அளவு பிளவுஸ் ஒன்றைப் பையில் போட்டு, புதுத்துணியையும் திணித்து, வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மிஹோவின் உடைகளுக்கும் ராஜலக்ஷ்மி அதே வழக்கம்தான். பழைய உடை ஒன்று அளவுக்கு வரும், நான் தைப்பேன், மிஹோ வந்து போட்டுப் பார்ப்பாள். ஊசி குத்தினாலும் சிரிப்பாள்.

முதல் வருடம் இருவரும் நடுத்தளத்தில் மோதி விழுந்தார்கள். மூன்றாம் வருடம் மாநில அளவில் வெண்கலம். பிறகு அமெரிக்க தேசியப் போட்டியில் ஏழாவது, அதன்பின் நான்காவது. போலந்தில் ஒரு சர்வதேசப் போட்டியில் வெள்ளி வாங்கியபோது நான் தைத்த நீல உடையை டிவியில் பார்த்து அழுதேன். இனி ஒலிம்பிக்ஸ்தான் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.

அங்கேதான் சிக்கல். மற்றப் போட்டிகளில் ஜோடியில் ஒருவர் அமெரிக்கராக இருந்தால் போதும். ஒலிம்பிக்ஸில் இருவரும் அந்த நாட்டின் குடிமக்களாக இருக்க வேண்டும். மிஹோ அமெரிக்கக் குடியுரிமை வாங்க வேண்டும். வாங்கினால் ஜப்பான் குடியுரிமை போய்விடும், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. மிஹோ பல மாதம் தயங்கினாள். ராஜலக்ஷ்மிக்கு அந்தத் தயக்கமே புரியவில்லை. நாமெல்லாம் இந்தியக் குடியுரிமையை விட்டோம், இந்தியா ஓசிஐ கார்டு கொடுத்தது, விசா இல்லாமல் போய் வருகிறோம். ஜப்பானும் அப்படி ஏதாவது கொடுக்கும் என்று அடித்துச் சொன்னாள். ஜப்பான் எதுவும் கொடுக்காது. அதை விசாரிக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை.

கடைசியில் ஷ்ரேயஸுக்காகத்தான் மிஹோ கையெழுத்துப் போட்டாள். உறுதிமொழி எடுத்த அன்று ராஜலக்ஷ்மி வீட்டில் வடை பாயசத்தோடு விருந்து. நானும் போயிருந்தேன். மிஹோ மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். புரிகிறது என்றாராம்.

அடுத்த வசந்தத்தில் ராஜலக்ஷ்மி வழக்கம்போலப் பையை வாசலில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். உள்ளே சிவப்பு வெல்வெட்டும் அளவுக்கு ஓர் உடையும். முந்தின மாதம்தான் அதே வெல்வெட்டில் ஷ்ரேயஸுக்குச் சட்டை தைத்திருந்தேன். ஆக, புதுப் போட்டிக்கு ஜோடி உடை. ஆனால் அளவு உடை மிஹோவுக்குச் சேராது, இடுப்பும் தோளும் சின்னது. சாப்பிடாமல் இளைத்துவிட்டாளோ என்று பயந்து, நேரில் வா, ஒரு தடவை அளந்துவிடலாம் என்று அவளுக்குப் போன் போட்டேன்.

வந்தாள். உடையைக் கையில் எடுத்தவுடன் உட்பக்கத்தைத் திருப்பினாள். இடுப்பருகே நீல நூலில் ஒரு தையல் இருந்தது, கைத்தையல்.

"இது என் ஸ்டிச், ஆன்ட்டி" என்றாள். "மானஸா டிரஸ். ஸ்கேட்டிங் டெஸ்டுக்கு முன்னாடி கிழிஞ்சிருச்சு. நான் தச்சுக் குடுத்தேன்."

மானஸா அதே அரங்கில் பயிற்சி செய்கிற பதினெட்டு வயதுப் பெண். இங்கேயே பிறந்த இந்தியப் பெண். மிஹோதான் அவளுக்குச் சனிக்கிழமைகளில் கால்வைப்பு சொல்லிக்கொடுத்தாள். மிஹோ வெல்வெட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது ஷ்ரேயஸின் சட்டைத் துணி என்று அவளுக்குத் தெரியும். ஷ்ரேயஸுக்குப் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெசேஜ் வந்தது. அம்மா இன்னும் உன்னிடம் சொல்லவில்லையா என்று கேட்டிருந்தான்.

எட்டு வருடம் இவளைக் கையில் தூக்கி ஆடியவன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதைச் செய்யக்கூட அவனுக்கு அம்மாவின் கை வேண்டியிருந்தது.

மிஹோ வீட்டுக்குப் போகவில்லை, என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் ராஜலக்ஷ்மி பிரசாதத்தோடு வந்தாள். மிஹோவைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் ஒரு நிமிடத்தில் சமாளித்துக்கொண்டாள். மூட்டு இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று டாக்டரே சந்தேகப்படுகிறார், ஷ்ரேயஸும் மானஸாவும் ஜோடி, ரெண்டு பேரும் இந்தியன் என்றால் எல்லோரும் கவனிப்பார்கள், மூன்று மாதமாக யோசித்துத்தான் முடிவெடுத்தோம் என்று அடுக்கினாள். மூன்று மாதமாக. அந்த மூன்று மாதமும் இவள் ஒரே மேசையில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டாள்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "இந்தப் புள்ள பொறந்த நாட்டையே உட்டுட்டு வந்துச்சுங்க. அது உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

ராஜலக்ஷ்மி என்னைப் பார்க்கவே இல்லை. மிஹோவின் தோளைத் தொட்டாள். "நாங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணோம்? யூ ஆர் எ சிட்டிசன் நவ். நான் கிரீன் கார்டுக்கே பதிமூணு வருஷம் வெயிட் பண்ணேன். எத்தனை பேர் இதுக்கு ஏங்கறாங்க தெரியுமா? நீ எப்பவும் எங்க வீட்டுப் பொண்ணுதான்."

அவள் அதை மனதாரச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒரு பெண்ணின் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு, பரிசு கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மிஹோ தோளிலிருந்து அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "அம்மா, நான் இப்ப எந்த வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்டாள். வெல்வெட்டையும் அளவு உடையையும் அதே பையில் போட்டு ராஜலக்ஷ்மியின் கையில் கொடுத்து, இனி என் வாசலில் எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மிஹோவுக்கு வேறு ஜோடி அமையவில்லை. இருபத்தெட்டு வயதில், கெட்ட மூட்டோடு, யார் வருவார்கள்? இப்போது ஃப்ரீமான்ட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சின்னக் குழந்தைகளுக்கு விழாமல் நிற்கச் சொல்லிக்கொடுக்கிறாள். ஷ்ரேயஸும் மானஸாவும் சிவப்பு உடையில் ஆடுகிறார்கள். யாரோ தைத்திருக்கிறார்கள், தையல் சுமார்தான்.

போன டிசம்பரில் மிஹோவின் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அவள் ஊருக்குப் போனாள். அதே வாரம் ராஜலக்ஷ்மி கச்சேரி சீசனுக்குச் சென்னை போயிருந்தாள். ஓசிஐ கார்டை நீட்டிவிட்டு உள்ளே போயிருப்பாள், வீட்டுக்குள் போகிற மாதிரி. மிஹோ டோக்கியோ விமான நிலையத்திலிருந்து எனக்குப் போனில் தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி, ஜப்பான்காரங்க லைன்ல தெரியாம நின்னுட்டேன். ஃபாரினர்ஸ் லைனுக்கு மாத்திட்டாங்க. ஃபிங்கர்பிரிண்ட் எடுத்தாங்க. ஜப்பான்ல எங்க தங்குவீங்கன்னு கேட்டாங்க. எங்க அப்பா வீட்லன்னு சொன்னேன்."